மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை மாறிய வரலாறு

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் வரலாற்றுக் கட்டுரை ஒன்று தவறாது இடம்பெறுவது வழக்கம். சோழர் கடற்படை பற்றியும், திருமலை நாயக்கர் மகால் பற்றியும், இந்நகரில் நம்மவர் வந்து குடியேறிய வகை பற்றியும் அறிஞர் பெருமக்கள் முன்னர் எழுதியுள்ளனர். இவ்வாண்டு அப்பணியைச் செயலாளர் அவர்கள் என்பால் ஒப்புவித்தார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருளைச் செவியுற்றதும் சற்றே திகைத்து, “பெண்டிரும் சிறுவரும் படிக்கும் மலராயிற்றே” என்றார்கள். பெண்டிர் படிக்க வேண்டும் என்பதற்காகவே எழுத விழைகின்றேன் என்று விடையளித்தேன். அவர்களும் பெருந்தன்மையுடன் இசைந்தார்கள்.

யான் மருத்துவன் அல்லேன். பத்தாம் வகுப்புத் தேறியதோடு கல்வியை நிறுத்தி, ரயில்வே முன்பதிவு அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்து இருபதாண்டுகளுக்கு மேலாகக் காலந்தள்ளி வருபவன். இப்பொருளில் என் மனம் சென்றதற்குக் காரணம் என் தமக்கையார்.

நன்னிலத்தையடுத்த சிற்றூரில் வாழ்ந்த அவர், மார்பில் நெல்லிக்காயளவு கட்டி ஒன்று தோன்றியதைப் பத்து மாதம் எவரிடத்தும் கூறாது மறைத்து வைத்திருந்தார். அத்தானுக்கும் தெரியாது, ஈன்ற தாய்க்கும் தெரியாது. பின்னர் தோல் சுருங்கிப் புண்ணாகவே மறைக்க இயலாமற் போயிற்று. மும்பைக்கு அழைத்து வந்து பரேலில் உள்ள டாட்டா நினைவு மருத்துவமனையில் காட்டினேன். அதற்குள் நோய் எலும்புவரை சென்றுவிட்டது. ஒருநாள் இரவு, ஏன் அக்காள் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். “எதிர் வீட்டுப் பாட்டியை நீயும்தானே பார்த்திருக்கிறாய் தம்பி? அதைப்போல ஆகிவிடுவேனோ என்றுதான் வாயைத் திறக்கவில்லை” என்றார்.

அந்தப் பாட்டியை நான் நன்கறிவேன். இளமையில் எங்கோ அறுவை செய்துகொண்டவர். மார்பின் ஒரு பக்கம் விலா எலும்பு தெரியப் பள்ளமாகியிருக்கும். அப்பக்கத்துக் கை யானைக்கால் போல வீங்கி, ஒரு குடம் நீர் தூக்கவும் ஆகாமல் தொங்கும். ஊர்ச் சிறுமியர் அவரைக் கண்டால் ஒதுங்கிச் செல்வர்.

மருத்துவமனை நடைவழியில் என்னோடு தமிழில் உரையாடிய இளைய மருத்துவர் ஒருவரிடம் இதனைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அவர்கள் அஞ்சியது எந்த அறுவையோ அதை இப்போது நாங்கள் செய்வதே அரிது. தொடக்கத்தில் வந்திருந்தால் மார்பகத்தை எடுக்க வேண்டிய தேவையே இல்லாமற் போயிருக்கலாம்” என்றார். வழக்கொழிந்துபோன ஓர் அறுவைக்கு அஞ்சி என் தமக்கையார் உயிரிழந்தார் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அவ்வறுவை எப்படி வந்தது, எவர் அதை ஒழித்தார், அச்செய்தி நன்னிலம்வரை ஏன் வந்து சேரவில்லை என்பன என் உள்ளத்தை அரித்தன. அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு சில ஆண்டுகளாகப் படித்தறிந்ததை ஈண்டுத் தருகின்றேன்.

மயக்க மருந்து என்பது உலகில் தோன்றாத காலத்திலேயே மார்பக அறுவை நடந்திருக்கின்றது. பானி பர்னி என்ற ஆங்கில நாவலாசிரியைக்கு 1811 ஆம் ஆண்டு செப்டம்பர் 30 ஆம் நாள் பாரிசு நகரில், அவர் இல்லத்திலேயே, நெப்போலியனின் படை மருத்துவரான லாரே என்பவர் வலது மார்பகத்தை அகற்றினார். வலி தணிக்க அளித்தது சிறிதளவு மது மட்டுமே. மாதங்கள் பல கழித்து அம்மையார் தம் சகோதரிக்கு அந்நிகழ்ச்சியை விரிவாக எழுதிய மடல் இன்றும் கிடைக்கின்றது. அம்மடலை எழுதத் தொடங்கி முடிப்பதற்கே அவருக்குப் பல வாரங்கள் ஆயினவாம். அவர் அதன்பின் சுமார் இருபத்தெட்டாண்டு வாழ்ந்து 1840 இல் மறைந்தார். 1846 இல் ஈதர் மயக்கமும், 1867 இல் லிஸ்டர் பெருமகனாரின் கிருமி நாசினி முறையும் வந்தன. கத்தி எடுத்தவர்க்கு அதுவரை இருந்த தடைகள் இரண்டும் நீங்கின. எவ்வளவு ஆழமாக வெட்டினாலும் நோயாளி பிழைப்பார் என்ற நிலை உருவாயிற்று.

இந்நிலையில் தோன்றியவரே அமெரிக்க நாட்டுப் பால்டிமோர் நகரத்து வில்லியம் ஹால்ஸ்டெட். 1852 இல் பிறந்தவர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவர். அறுவைக் கூடத்தில் ரப்பர்க் கையுறையைப் புகுத்தியவர் இவரே. மார்பகப் புற்று ஒரு புள்ளியில் தோன்றி, வட்டம் வட்டமாக வெளிப்புறம் பரவி, அக்குள் நெறிகளை அடைந்து, பிறகே உடலின் ஏனைய பகுதிகளுக்குச் செல்லும் என்பது இவர் கொள்கை. ஆகவே பரவும் எல்லைக்கும் அப்பால் வெட்டி எடுத்துவிட்டால் நோய் வேரறும் எனக் கருதினார். மார்பகம் முழுவதும், அதனடியிலுள்ள மார்புத் தசையும், அக்குளின் நெறிகளும் ஒரே பிண்டமாக அகற்றப்பட்டன. 1894 இல் ஐம்பது நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார். அறுவை செய்த இடத்தில் நோய் மீண்டது மூவர்க்கு மட்டுமே என்று அதிற் கண்டது. மற்ற நாட்டு மருத்துவர்களின் கணக்கில் பாதிப் பேருக்கு மேல் நோய் மீண்டுகொண்டிருந்த காலம் அது.

ஹால்ஸ்டெட்டைக் கொடியவர் என்று எழுதுவோர் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. அக்காலத்துப் பெண்கள் மருத்துவரிடம் வந்தது கட்டி பெருத்து, புண்ணாகி, நாற்றமெடுத்த பின்னரே. என் தமக்கையார் வந்தது போலவே என்க. அத்தகையோர்க்கு அவ்விடத்துப் புண் மீளாதிருப்பதே பெரும்பேறு. பிழை எங்கே நேர்ந்ததெனில், “இடத்தில் மீளவில்லை” என்பதும் “உயிர் பிழைத்தார்” என்பதும் ஒன்றே என்று பின்வந்தோர் எண்ணியதில்தான். இடத்தில் மீளாமலேயே நுரையீரலிலும் எலும்பிலும் நோய் தோன்றிப் பலர் இறந்தனர். அதைக் கண்ட மாணாக்கர்கள் ஆசான் கொள்கையில் ஐயங்கொள்ளவில்லை. இன்னும் அகலமாக வெட்டவில்லையே என்றுதான் வருந்தினர். 1950களில் மார்பெலும்பின் ஓரத்து நெறிகளையும், விலா எலும்பின் துண்டுகளையும் சேர்த்து எடுக்கும் அளவுக்கு அது சென்றது. சிறு கட்டியுடன் வந்தவர்க்கும் பெருங்கட்டியுடன் வந்தவர்க்கும் ஒரே அறுவை. எங்கள் ஊர்ப் பாட்டியின் கை வீங்கியதற்குக் காரணமும் இதுவே. அக்குள் நெறிகளை முழுதும் எடுத்துவிட்டால் நிணநீர் வடிய வழியின்றிக் கையிலேயே தேங்கிவிடுகின்றது.

இதற்கு மாற்று உண்டு என்று முதலில் துணிந்து காட்டியவர்களுள் இலண்டன் நகரத்து ஜெப்ரி கீன்ஸ் என்பவரைப் பற்றிச் சற்று விரித்துரைக்க அன்பர்கள் இசைவளிக்க வேண்டும். நான் படித்தவற்றுள் என் மனத்தைக் கவர்ந்தவர் இவரே.

பொருளாதார நூல்களால் புகழ்பெற்ற மேனார்டு கீன்சுக்கு இவர் இளவல். 1887 இல் பிறந்தார். மனைவியார் சார்லஸ் டார்வினின் பேத்தி. முதல் உலகப் போரில் படை மருத்துவராகச் சென்று, குருதியிழந்து சாகக் கிடந்த வீரர்களுக்குப் பிறர் குருதியை ஏற்றிக் காத்தார். அதைப்பற்றி 1922 இல் நூலும் இயற்றினார். வில்லியம் பிளேக் என்ற கவிஞரின் நூல்களையெல்லாம் தேடித் தொகுத்து ஆராய்ந்த இலக்கிய அறிஞர் என்ற பெருமையும் இவருக்குண்டு. பகலில் கத்தியும் இரவில் கவிதையுமாக வாழ்ந்த இத்தகையோர் நம்மிடையே அரியர்.

போர் முடிந்து இவர் இலண்டன் புனித பர்த்தலோமியு மருத்துவமனையில் பணியேற்றார். ஹால்ஸ்டெட் வகுத்த அறுவையைத் தம் கையாலேயே பலருக்கும் செய்தார். செய்யச் செய்ய அதன்மீது வெறுப்பே மிகுந்தது. இவ்வளவு உருக்குலைத்தும் இவர்கள் ஏன் சாகின்றனர் என்று எண்ணினார். மேரி கியூரி அம்மையாரும் அவர் கணவரும் 1898 இல் கண்டுபிடித்த ரேடியம் அப்போது மருத்துவமனைகளுக்கு வந்திருந்தது. 1924 இல், கட்டி புண்ணாகி, அறுவையைத் தாங்கும் வலிமையற்று மெலிந்திருந்த ஒரு பெண்மணிக்கு, ரேடியம் அடைத்த ஊசிகளை மார்பினுள் செருகி வைத்துப் பார்த்தார். புண் ஆறிற்று, கட்டியும் சுருங்கி மென்மையாயிற்று. அவரே வியந்துபோனார்.

முதலில் கைவிடப்பட்டவர்களுக்கும், பிறகு அறுவைக்கு உரியவர்களுக்கும் இம்முறையைக் கையாண்டார். கட்டியை மட்டும் சிறு கீறலால் எடுத்துவிட்டு, அல்லது எடுக்காமலே, மார்பிலும் அக்குளிலும் ரேடிய ஊசிகளைச் சில நாள் வைத்திருந்து நீக்குவார். மார்பகம் உடலிலேயே இருக்கும். கை வீங்காது. 1930களில் தம் முடிவுகளை வெளியிட்டார். 1937 இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த கட்டுரையில், ஐந்தாண்டு உயிர் வாழ்ந்தோர் தொகை முழு அறுவையின் தொகைக்கு ஏறத்தாழ ஒப்பாகவே இருந்தது.

கீன்சின் வாதம் எளியது. நோய் மார்பகத்துள் அடங்கியிருக்குமாயின் சிறு சிகிச்சையே போதும். மார்பகத்தை விட்டு வெளியேறி உடலில் பரவியிருக்குமாயின் எவ்வளவு பெரிய அறுவையாலும் பயனில்லை. இரண்டில் எது உண்மையானாலும் தசையை வெட்டியெறிவது வீண். ரயில்வே ஊழியன் என்ற முறையில் இதனை நான் ஒருவாறு விளங்கிக்கொண்டேன். கள்வன் நிலையத்துக்குள் இருக்கின்றானெனில் ஒரு காவலர் போதும். வண்டியேறிப் போய்விட்டானெனில் நிலையக் கட்டடத்தையே இடித்தாலும் அகப்படமாட்டான்.

இவ்வாதம் செல்லுபடியாகவில்லை. அமெரிக்க அறுவை மருத்துவர்கள் இதனைப் பொருட்படுத்தவில்லை. தாய்நாட்டிலும் பழிச்சொற்களே மிகுதி. இதற்கிடையே 1939 இல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. குண்டு விழுந்தால் ரேடியம் சிதறி ஊரை நஞ்சாக்கும் என அஞ்சி, மருத்துவமனைகள் அதனை நிலத்தின் ஆழத்திற் புதைத்தோ தொலைவிற்கு அனுப்பியோ பாதுகாத்தன. கீன்ஸ் விமானப் படையின் மருத்துவப் பணிக்குச் சென்றார். போர் முடிந்து திரும்பியபோது அம்முயற்சியைத் தொடர ஆளில்லை. ஒரு கருத்து பொய்யென்று மெய்ப்பிக்கப்படாமலே மறக்கப்பட்டது.

ஆயினும் ஆங்காங்கே சிலர் இருந்தனர். எடின்பரோவில் மக்வர்ட்டர் என்பார் 1948 இல் தசையை விட்டு மார்பகத்தை மட்டும் அகற்றிக் கதிர்ச் சிகிச்சை அளித்தார். அதே ஆண்டில் இலண்டனில் பேட்டி என்பார் மார்பின் பெருந்தசையைக் காக்கும் அறுவையை வகுத்தார். கிளீவ்லாந்தில் ஜார்ஜ் கிரைல் 1950களில் ஹால்ஸ்டெட் முறையைக் கைவிட்டு அதற்கெதிராகப் பொதுமக்களுக்கே நேரடியாக எழுதியதால் தம் இனத்தவரின் சினத்துக்கு ஆளானார். டொராண்டோவில் வீரா பீட்டர்ஸ் என்ற பெண் மருத்துவர், தாயை இந்நோய்க்கே பறிகொடுத்தவர், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களின் கணக்கை ஆண்டுக்கணக்கில் தொகுத்து 1967 இல் வெளியிட்டார். முழு அறுவை செய்துகொண்டோர்க்குச் சற்றும் குறையாமல் அவர்கள் வாழ்ந்திருந்தனர்.

எதிர்த்தரப்பார் கேட்ட கேள்வியும் நேர்மையானதே. நோய் குறைவாக இருந்தவர்களை நீங்களே பொறுக்கியெடுத்துச் சிறு சிகிச்சை அளித்திருந்தால் அவர்கள் நன்றாகத்தானே இருப்பர் என்றனர். இதற்கு விடை ஒன்றே. எவருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவரும் தீர்மானிக்கலாகாது, நோயாளியும் தீர்மானிக்கலாகாது. நம்மூர்க் கோயிலில் திருவுளச் சீட்டுப் போடுவது போலக் குலுக்கிப் போட்டுப் பிரித்து, இரு சாராரையும் பல்லாண்டு தொடர்ந்து எண்ணி வரவேண்டும்.

இலண்டன் கை மருத்துவமனையில் ஹெட்லி அட்கின்ஸ் 1961 இல் அவ்வாறு தொடங்கினார். ஐம்பது வயது கடந்த 370 பெண்கள் சேர்க்கப்பட்டனர். 1972 இல் வந்த முடிவு இரு பக்கமும் சாய்ந்தது. நெறி கட்டாத தொடக்க நிலையினர்க்கு உயிர் வாழ்வில் வேறுபாடில்லை. நெறி கட்டியவர்களுள் சிறு அறுவை பெற்றவர்க்கு நோய் மீண்டது மிகுதி, இறப்பும் மிகுதி. அக்குளுக்கு அளித்த கதிரின் அளவு போதாமை அதற்குக் காரணம் என்று பின்னர் அறிந்தனர். பழைய முறையினர்க்கோ இது பெரும் வெற்றியாயிற்று. மார்பகத்தைக் காக்கும் வரலாறு நேர்க்கோட்டிற் சென்றதன்று என்பதைக் காட்டவே இதனைக் குறித்தேன்.

பிட்ஸ்பர்க் நகரத்து பெர்னார்டு பிஷர் என்பவரே போரை முடித்து வைத்தார். புற்றணுக்கள் வட்டம் வட்டமாகப் பரவுவதில்லை, தொடக்கத்திலேயே குருதி வழியாகச் செல்ல வல்லன என்று விலங்குகளிடத்து ஆய்ந்தறிந்தவர். 1971 இல் தொடங்கிய முதற் சோதனையில், தசையோடு எடுத்தவர்க்கும் மார்பகம் மட்டும் எடுத்தவர்க்கும் உயிர் வாழ்வு ஒன்றே எனக் கண்டார். 1976 இல் அடுத்த சோதனை தொடங்கிற்று. நான்கு செண்டிமீட்டர் வரையிலான கட்டியுடைய பெண்களை மூன்றாகப் பிரித்தனர். ஒரு பிரிவினர்க்கு மார்பகம் முழுதும் எடுக்கப்படும். இரண்டாம் பிரிவினர்க்குக் கட்டி மட்டும். மூன்றாம் பிரிவினர்க்குக் கட்டியை எடுத்துக் கதிர்ச் சிகிச்சை. அக்குள் நெறிகளை மூன்று பிரிவினர்க்கும் எடுத்தனர். குலுக்கலுக்கு நோயாளிகளை அனுப்ப மருத்துவர்கள் தயங்கியதால் ஆள் சேர்க்கவே எட்டாண்டு ஆயிற்று.

அதே வேளையில் இத்தாலியின் மிலான் நகரில் உம்பர்த்தோ வெரோனேசி என்பார், இரண்டு செண்டிமீட்டர் வரையிலான கட்டியுடைய 701 பெண்களை 1973 முதல் 1980 வரை சேர்த்துக்கொண்டார். ஒரு சாரார்க்கு ஹால்ஸ்டெட் அறுவை. மற்றவர்க்குக் கட்டியிருந்த கால் பகுதியை மட்டும் எடுத்து, அக்குள் நெறிகளையும் நீக்கிக் கதிர்ச் சிகிச்சை. வெரோனேசியின் முதல் முடிவு 1981 இலும் பிஷரின் முடிவு 1985 இலும் வெளிவந்தன. இருவரும் விடவில்லை. இருபதாண்டு எண்ணிக்கொண்டே வந்து, 2002 ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரே இதழில் அடுத்தடுத்து வெளியிட்டனர்.

பிஷரின் கணக்கில் 1,851 பெண்கள். இருபதாண்டு கழித்து மார்பகம் முழுதும் எடுத்தவர்களுள் நூற்றுக்கு 47 பேரும், மற்ற இரு பிரிவினருள் நூற்றுக்கு 46 பேரும் உயிருடன் இருந்தனர். வேறுபாடு இல்லையென்றே கொள்ளலாம். மிலானில் இறந்தோர் ஒரு பக்கம் நூற்றுக்கு 41.2, மறுபக்கம் 41.7. ஆனால் கதிர்ச் சிகிச்சையை விட்டுவிடலாகாது என்பதும் இதே கணக்கிற் கண்டது. பிஷரின் நோயாளிகளுள் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர் பெறாதவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு அதே மார்பகத்தில் நோய் மீண்டது. கதிர் பெற்றவர்களில் 14 பேருக்கே. நம் மக்கள் “கரண்ட் வைத்தல்” என்று அஞ்சும் சிகிச்சை இதுதான்.

இடையில் ஒரு கறை படிந்ததையும் மறைத்தல் தகாது. பிஷரின் சோதனையிற் கலந்துகொண்ட மாண்ட்ரியல் மருத்துவர் ஒருவர் சில நோயாளிகளின் பதிவுகளைத் திருத்தியிருந்தார் என்பது 1994 இல் பத்திரிகைகளில் வெளிவந்தது. பெண்கள் கலங்கினர். பிஷர் தலைமைப் பதவியினின்றும் நீக்கப்பட்டார். அம்மருத்துவரின் நோயாளிகளை அறவே ஒதுக்கி மறுபடி கணக்கிட்டபோதும் முடிவு மாறவில்லை. 1997 இல் அவரிடம் வருத்தம் தெரிவிக்கப்பட்டது. 2019 இல் நூற்றொரு வயதில் மறைந்தார். எங்கள் அலுவலகத்திலும் ஒரு குமாஸ்தாவின் பிழைக்கு மேலதிகாரி பதில் சொல்வதுண்டு. அதிற் குறை கூற ஒன்றுமில்லை.

மருத்துவர்களால் மட்டுமே இம்மாற்றம் நிகழ்ந்தது என்று எழுதினால் பெண்களுக்கு இழைத்த அநீதியாகும். அமெரிக்காவில் 1970கள் வரையிலும், கட்டி புற்றா அன்றா என்று அறிய மயக்க மருந்து கொடுப்பார்கள். புற்றென்று தெரிந்தால் அந்த மயக்கத்திலேயே மார்பகத்தையும் எடுத்துவிடுவார்கள். கண் விழிக்கும்வரை மார்பகம் இருக்கின்றதா இல்லையா என்பது அப்பெண்ணுக்குத் தெரியாது. ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர் 1974 இல் தமக்கு அவ்வாறு செய்யலாகாது என மறுத்தார். சோதனை ஒருநாள், சிகிச்சை மற்றொரு நாள், இடையில் நானே தீர்மானிப்பேன் என்றார். இதற்கு உடன்படும் மருத்துவரைத் தேடி அலைந்தார். 1979 இல் அந்நாட்டுத் தேசியச் சுகாதார நிறுவனம் கூட்டிய அறிஞர் குழுவில் மருத்துவர் அல்லாத உறுப்பினராக அமர்ந்தவர் இவர். அக்குழு ஹால்ஸ்டெட் அறுவையை வழக்கமாகச் செய்தல் வேண்டாவென்றும், சோதனையும் அறுவையும் வெவ்வேறு நாளில் நிகழவேண்டுமென்றும் பரிந்துரைத்தது. 1990 இல் கூடிய மற்றொரு குழு, தொடக்க நிலை நோயினர் பெரும்பாலோர்க்கு மார்பகத்தைக் காக்கும் சிகிச்சையே விரும்பத்தக்கது என்றுரைத்தது.

நம் நாட்டுக்கு வருவோம். தோராப்ஜி டாட்டாவின் துணைவியார் மெஹர்பாய் அம்மையார் இரத்தப் புற்றினால் மறைந்தார். அதன் விளைவாக எழுந்த எண்ணமே பரேல் மருத்துவமனை. 1941 பிப்ரவரி 28 ஆம் நாள் திறக்கப்பட்டது. 1962 முதல் அணுசக்தித் துறையின் கீழ் இயங்கி வருகின்றது. தமிழகத்தில், தம் தங்கையாரை இந்நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் அயரா உழைப்பால் 1954 இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தோன்றியது. இழந்தவர்களின் துயரமே இரு நகரங்களிலும் அடித்தளம் ஆயிற்று. இன்று இவ்விரு இடங்களிலும் மார்பகத்தைக் காக்கும் அறுவை அன்றாடம் நடைபெறுகின்றது. கட்டி பெரிதாயிருப்பின் முதலில் மருந்து ஏற்றிச் சுருக்கிவிட்டு, பிறகு சிறு அறுவை செய்வதும் உண்டு. அக்குள் நெறிகளையும் முன்போல முழுதும் எடுப்பதில்லை. நிணநீர் முதலிற் சென்றடையும் ஓரிரு நெறிகளை மட்டும் எடுத்துச் சோதித்து, அவை தூயனவாயின் மற்றவற்றை விட்டுவிடுகின்றனர். கை வீங்குதல் இதனாற் பெரிதும் குறைந்தது.

எல்லோர்க்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே மார்பகத்தில் வெவ்வேறிடங்களில் கட்டிகள் பரவியிருந்தாலோ, முன்னரே அவ்விடத்தில் கதிர் பெற்றிருந்தாலோ, கருவுற்றிருக்கும்போது கதிர் தர இயலாமற் போனாலோ மருத்துவர் முழு அறுவையையே கூறுவர். மார்பகத்தை எடுத்துக்கொள்வதே நிம்மதி என்று தாமே விரும்பும் பெண்களும் உளர், அதுவும் அவர்கள் உரிமை. கத்தியும் வேண்டா, கதிரும் வேண்டா, பொடி போதும் என்று விளம்பரம் செய்வோரிடம் மட்டும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. கீன்ஸ் போன்ற மேதையையே குலுக்கிப் போட்டு இருபதாண்டு எண்ணிய பிறகுதான் உலகம் ஏற்றது. உங்கள் கணக்கு எங்கே?

நம் நாட்டில் மற்றொரு தடை ஊர்த் தொலைவு. கட்டியை மட்டும் எடுத்தால் கதிர்ச் சிகிச்சை கட்டாயம். முன்பு அது ஐந்து வாரம், அதற்கு மேலும் நடக்கும். கதிர் இயந்திரம் இல்லாத மாவட்டத்துப் பெண், அத்தனை நாள் நகரில் எங்கே தங்குவாள், குழந்தைகளை எவரிடம் விடுவாள்? “எடுத்தே விடுங்கள் ஐயா, ஊருக்குப் போக வேண்டும்” என்று சொல்லும் பெண்களைப் பரேலில் என் செவியாற் கேட்டிருக்கின்றேன். இப்போது பலர்க்கு மூன்று வாரத்திலேயே முடித்துவிடுகின்றனர். ஒரு வாரத்தில் ஐந்தே முறை அளித்தாலும் போதும் என்று இங்கிலாந்தில் செய்த சோதனை 2020 இல் வெளிவந்துள்ளது. தாதரில் காட்கே மகராஜ் பெயரால் அமைந்த தருமசாலை புற்றுநோயாளரைக் குறைந்த செலவில் தங்க வைக்கின்றது. அங்கு நம்மவரும் பலர் தங்கியுள்ளனர்.

டாட்டா மருத்துவமனையினர் இந்நகரிலேயே நடத்திய ஒரு பணியையும் குறிப்பிட வேண்டும். 1998 முதல், குடிசைப் பகுதிகளிற் பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள், 35 முதல் 64 வயது வரையிலான பெண்களை ஈராண்டுக்கொரு முறையாக நான்கு தடவை, கையால் தடவிப் பார்த்துச் சோதித்தனர். சோதனை பெற்றவர், பெறாதவர் என இரு பகுதியாக ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து எண்ணினர். இருபதாண்டுக் கணக்கு 2021 இல் வெளியாயிற்று. நோய் முன்னதாகவே கண்டறியப்பட்டது. ஐம்பது வயது கடந்தோரிடையே இந்நோயால் நேரும் மரணம் ஏறக்குறைய நூற்றுக்கு முப்பது குறைந்தது. இதற்கு எந்த இயந்திரமும் தேவைப்படவில்லை, கையும் பயிற்சியுமே போதுமானவையாயின. நன்னிலத்திற்கு அப்படி ஒரு பெண் ஊழியர் வந்திருந்தால் என்று எண்ணாமல் என்னால் அக்கணக்கைப் படிக்க இயலவில்லை.

சென்ற ஆண்டு என் கவுண்டருக்குத் திருநெல்வேலிப் பக்கத்து அம்மையார் ஒருவர் சலுகைப் படிவத்துடன் வந்தார். ஊர் திரும்பும் சீட்டுக்காக வந்தவர். உடன் வந்த மகள் சிறுமி. படிவத்தில் நோயின் பெயரைப் பார்த்துத் தமிழிற் பேசினேன். “எடுத்துவிட்டார்களா அம்மா?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் முகம் சுளிக்கவில்லை. “இல்லை அண்ணே, கட்டியை மட்டும்தான். பதினைந்து நாள் கரண்ட் வைத்தாங்க” என்று சொல்லி, இரு கைகளையும் நீட்டிச் சீட்டை வாங்கிக்கொண்டார். இரண்டு கையும் ஒன்றுபோலவே இருந்தன.

சிகிச்சைக்கும், பின்னர் மறு சோதனைக்கும் பயணம் செய்யும் புற்றுநோயாளர்க்கு ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் முழுக் கட்டணமும் தள்ளுபடி உண்டு. உடன் செல்லும் ஒருவர்க்கு முக்கால் பங்கு. மருத்துவமனை கையொப்பமிட்ட படிவம் வேண்டும். அதனை நிரப்புவதில் ஐயமுள்ள அன்பர்கள் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மேல் சங்க நூலகத்தில் என்னைக் காணலாம். பெண்கள் நேரில் வரத் தயங்கினால் வீட்டு ஆடவரையோ, சங்கத்து மாதர் குழுவினரையோ அனுப்பலாம். நோயின் பெயரை என்னிடம் சொல்ல வேண்டியதில்லை.